ஒரே வரியாகிப்போன கவிதைகள்

ஜாவா வகுப்பு எடுப்பது என்பது, முந்தின நாள் நமக்கே புரியாததை மறுநாள் பிறருக்குப் புரியவைப்பது; கணினியிடம் திட்டு வாங்கிய உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. கணக்கு டீச்சராக ஓய்வு பெற்று, கணவரும் போய்ச் சேர்ந்த பின், வீட்டின் மௌனம் தாங்காமல் நெய்வேலியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஜாவா நிரல்மொழி சொல்லித்தரச் சேர்ந்தேன். கோப்பைப் படித்து எழுதும் பயிற்சிக்கு நீளமான கோப்பு ஒன்று வேண்டியிருந்தது. என்னிடம் இருந்தது ஒன்றுதான்: அவர் ஷிப்டுக்குப் போன பொழுதுகளில் நான் எழுதிய கவிதைகள். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது அவற்றைக் கணினியில் தட்டச்சு செய்துவிட்டு, நோட்டுகளை எடைக்குப் போட்டிருந்தேன். வேறு பிரதி கிடையாது.

கேட்டில் நின்ற கோப்பு

நிரலை ஓட்டினால், அப்படியொரு கோப்பே இல்லை என்றது. கண்ணெதிரே இருக்கிறதே என்று திரையோடு சண்டை போட்டேன். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டே படிக்க வந்த குமார் எட்டிப் பார்த்தார். கோப்பின் பெயருக்குப் பின்னால், அதன் வகையைச் சொல்லும் ‘டிஎக்ஸ்டி’ இரண்டு முறை ஒட்டியிருந்தது.

“கேட் பாஸ்ல ஒரு பேரு, ஆளு ஒரு பேருன்னா எங்களையே உள்ள வுடமாட்டாங்க மேடம்.”

கேள்விக்குறிகள்

பெயரைத் திருத்தினேன், திறந்தது. ஆனால் உள்ளே இருப்பது தமிழ் என்று நிரலுக்குச் சொல்ல மறந்திருந்தேன். திரை முழுக்கக் கேள்விக்குறிகள். குமார் கேட்டார்:

“இத்தனை கேள்வியும் யாரைக் கேட்டீங்க மேடம்?”

வாய் திறக்காத கேட்ச்

பிழை வந்தால் பிடித்துக்கொள்ளும் பகுதிக்குக் ‘கேட்ச்’ என்று பெயர். பிடித்ததை என்ன செய்வது என்று அதற்குள் எழுத வேண்டும். நான் காலியாக விட்டு, “பாருங்கள், பிழையே வரவில்லை” என்று பெருமைப்பட்டேன். பிழை வரவில்லைதான், வேலையும் நடக்கவில்லை. முத்தாண்டிக்குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வரும் செல்வி சிரித்தாள்.

“எங்க வூட்டுக்காரரும் இப்படித்தாங்க மேடம். என்ன கேட்டாலும் சத்தமே வராது, வேலையும் ஆவாது.”

செல்வியின் நகல்

என் கணினியில் இருந்த கவிதைக் கோப்பை வரிவரியாகப் படித்து, தன் கணினியில் இன்னொரு கோப்பாக நகலெடுக்கச் செல்வியிடம் சொன்னேன். ஒரு வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போகும்படி செல்வி எழுதவில்லை. என் கவிதைகள் கன்வேயர் பெல்ட்டில் போகும் நிலக்கரிபோல ஒரே வரியாக ஓடின. “தப்பு, அழித்துவிடு” என்றேன்.

“எழுத்து ஒண்ணுகூட சிந்தலியே மேடம்?”

சத்தமில்லாமல்

மறுநாள், கவிதைக் கோப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்துக் காட்டப் போனேன். பழையதை வைத்துக்கொண்டு சேர் என்பதற்கு ஒரு சொல் உண்டு. அதை எழுதாமல் ஓட்டினேன். திறந்து பார்த்தால் ‘சோதனை’ என்ற என் புது வரி மட்டும் இருந்தது. பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. கணினிக்கு அதில் ஒரு தவறும் தெரியவில்லை. என் கவிதைகள்தான் போயிருந்தன.

செல்வி தன் திரையைத் திருப்பிக் காட்டினாள். அழிக்கச் சொன்னதை அவள் அழிக்கவில்லை.

வரி பிரிக்க உட்கார்ந்தேன். எங்கே ஒடித்தேன், ஏன் ஒடித்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒரே மூச்சாக உரக்கப் படித்துப் பார்த்தேன். பக்கத்தில் நின்று கேட்டவள் சொன்னாள்:

“இப்படியே வுட்டுடுங்க மேடம். ஒடைச்சு ஒடைச்சு இருந்தப்ப ஒண்ணும் புரியல. இப்பதான், நீங்க அவருக்காகக் காத்துக்கினு இருந்தது தெரியுது.”

இப்போது அந்தக் கோப்புக்குக் கண்ட இடத்திலெல்லாம் பிரதி வைத்திருக்கிறேன். அத்தனையும், நான் தப்பு என்று சொன்ன நகலின் நகல்கள்தான்.