டிசம்பர் ஏழில் என் பேர் இல்லை

பதின்மூன்று வருசம் எனக்கு எடித் அக்காவோடு கோபம். எங்கள் அரிப்பு மீனவர் சங்கக் கந்தோர் வாசலில் அவ எழுதுகிற கரும்பலகையில் ஊரில் எல்லாருடைய பிறந்தநாளும் வரும். என்னுடையது மட்டும் வராது. அடையாள அட்டையில் டிசம்பர் 7 என்று கிடக்கு. அது காணாதாம்.

அக்கா தாழ்வுபாட்டில் பிறந்து இங்கே கலியாணம் முடித்தவ. புருசன் கடலோடு போன பிறகு சங்கத்தில் கிளாக்கர் வேலை. இடம்பெயர்ந்து திரும்பியபோது ஊரில் பாதிப்பேரிடம் பிறப்புச் சேட்டிபிக்கற் இல்லை. நாள் கேட்டால் 'பெரிய மழை வருசம்' என்பார்கள். அக்கா ஒவ்வொருவராய் இருத்தி வைத்து விசாரித்துக் கண்டுபிடித்தா. பழைய பேப்பரை வெட்டி, நாள்வாரியாய் பிஸ்கட் தகரப் பேணிகளில் போட்டு வைத்தா. காலமை ஏழு மணிக்குப் பலகையில் மூன்று வரி: அந்த நாளில் உலகத்தில் நடந்தது, நாட்டில் நடந்தது, ஊரில் பிறந்த ஆள்.

ஒரு டிசம்பர் ஏழு, "1941: முத்துத் துறைமுகத்தில் குண்டுவீச்சு" என்று எழுதிவிட்டா. முத்துக் குளித்த கரை என்றால் எங்களுக்கு அரிப்புத்தானே. கொலின்ஸ் அண்ணன் வலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பிள்ளை, எங்கட துறையில எப்ப போட்டவங்கள்? அப்பு ஒரு சொல்லும் சொல்லேல்லையே!"

"அண்ணை, அது ஹவாய். யப்பான்காரன் போட்டது."

சனம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்றாவது வரி வெறுமையாய்க் கிடந்தது.

"அக்கா, குண்டுக்கு இடமிருக்கு, எனக்கில்லையோ?"

"அது உன்ர பேர்நாளடா. அம்புறோசியார் திருநாளில ஞானஸ்நானம் குடுத்தபடியால்தான் அந்தப் பேர். கொப்பர் பதிவுக்கும் அதே நாளைச் சொல்லிப்போட்டார். பிறந்த நாளைக் கொண்டா, எழுதுறன்."

"கூரை பறந்த அண்டைக்கு எண்டு அம்மா சொன்னவ."

"எந்தக் காத்து?"

"எனக்கென்ன தெரியும், அண்டைக்குத்தானே பிறந்தனான்!"

"முதல்ல உன்ர பேரை ஒழுங்காய் எழுதப் பழகு. சங்கக் கொப்பியில சின்ன ரானா போட்டு வைச்சிருக்கிறாய்."

நான் நாலாம் வகுப்போடு கடலுக்குப் போனவன்.

போன வருசம் ஒக்டோபரில், அக்கா நெஞ்சு வருத்தத்தோடு தாழ்வுபாட்டுக்கு பஸ் ஏறி, அங்கே இருக்கிற என் ஞானத்தாயைத் தேடிப் பிடித்திருக்கிறா. "கூரை போனது ஒரு வியாழன். பாதை பூட்டு. சரியாய் ரெண்டு கிழமையில கோயிலுக்குக் கொண்டுபோனம்" என்றாவாம். அக்கா பேணியைக் கிளறினா. 1978 நவம்பர் 23, மட்டக்களப்பை அடித்த சூறாவளி. வியாழக்கிழமை. அந்தக் காற்றின் வால்தான் எங்கள் கூரையைத் தூக்கியது. அன்றிலிருந்து டிசம்பர் ஏழுக்குப் பதினாலு நாள்.

நவம்பர் 22 முருங்கன் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அதன்பின் அவவோடு பேசக் கிடைக்கவில்லை. அடுத்த கிழமை அடக்கம். ஆஸ்பத்திரியில் பார்த்த அன்றைக்குத் தலையணைக்கு அடியிலிருந்து வெண்கட்டியை எடுத்து என் கையில் வைத்துச் சொன்னா:

"அம்புறோஸ், நாளைக்குப் பலகையை நீ எழுது. ரெண்டாம் வரி சூறாவளி, மூண்டாம் வரி உன்ர பேர். ரெண்டுக்கும் பெரிய றானா. பிழைவிட்டியோ, எழும்பி வந்து அழிப்பன்."