பாஸ்வேர்டு கேட்காத லேப்டாப்

அவள் பாடுவாள், நான் வயர் மாட்டுவேன். எங்கள் இருவருக்குள் இருந்த ஏற்பாடு அவ்வளவுதான். ஸ்ரீரங்கத்தில் அம்மா மண்டபம் சாலைப் பக்கம் ஒரே அடுக்குமாடியில் அவள் வீடு மேலே, என் வீடு கீழே. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாங்கள். கல்யாணம், பிள்ளை, ஊர் மாற்றம் என்று பல வருஷம் காணாமல் போய், கடைசியில் ஒரே லிஃப்டுக்குள் வந்து நின்றோம். 'வாடி போடி' மறுபடி ஒட்டிக்கொள்ள இரண்டு நாள்கூட ஆகவில்லை.

ஊரடங்கு வந்தபோது அவள் வீட்டில் நடத்திவந்த பாட்டு வகுப்பு நின்றுபோனது. வெளிநாட்டில் இருக்கும் அவள் மகன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்து, "ஆன்லைன்ல சொல்லிக்கொடும்மா" என்றான். அவளுக்கு அதைத் திறக்கவே பயம். நானோ ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் காலம் தள்ளி, சலித்துப்போய் வேலையை விட்டுவிட்டு, வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். "எனக்கு சரிகமபதநி தவிர ஒண்ணும் தெரியாதுடி, மத்ததெல்லாம் நீ பாத்துக்க" என்றாள். என் வீட்டு ஹாலில் பெரிய டிவி இருந்தது, இன்டர்நெட்டும் நன்றாக வரும். சனிக்கிழமை காலைகளில் வகுப்பு என் வீட்டில் ஆரம்பமானது.

முதல் வாரமே சுருதி காணாமல் போனது. அவள் போனில் தம்புராவை ஓடவிட்டுப் பாடுகிறாள், எங்கள் காதுக்குக் கணீரென்று கேட்கிறது, துபாயில் இருக்கும் பிள்ளைக்கு அவள் குரல் மட்டும் தனியாகப் போய்ச் சேர்கிறது. விடாமல் ஒரே மாதிரி ஒலிக்கும் எதுவும் ஃபேன் சத்தம்தான் என்று வகுப்பு நடத்தும் அந்த வீடியோ செயலி முடிவுகட்டி, தம்புராவை வழித்து எறிந்துகொண்டிருந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு நாள் ஆனது. சத்தத்தைத் திருத்தாமல் அப்படியே அனுப்பு என்று ஓர் இடத்தில் சொல்லிவைக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு எச்டிஎம்ஐ வயர் வந்தது. படத்தை டிவிக்கு அனுப்பினால் சத்தமும் சொல்லாமல் கொள்ளாமல் பின்னாலேயே போய்விடும், புதுப் பெண்டாட்டி பின்னால் போகிற மாப்பிள்ளை மாதிரி. அதைப் பிடித்து இழுத்து ஸ்பீக்கருக்குக் கொண்டுவர வேண்டும். டிவியில் பாட்டின் ஸ்வரங்கள், லேப்டாப்பில் பிள்ளைகளின் முகங்கள் என்று இரண்டு திரைகளையும் பிரித்து வைத்தேன். கோவில் ஒலிபெருக்கி முழங்கும் நாட்களில் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டேன். "நீ என்ன, பக்கவாத்தியமா?" என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். ஆமாம் என்பேன்.

எனக்கு அதில் என்ன கிடைத்தது என்று கேட்டால், வகுப்புக்கு முன்னால் ஒரு கால்மணி நேரம் கிடைத்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள். ஒவ்வொருவர் மைக்கையும் நான்தான் சரிபார்ப்பேன். "கேக்குதா கண்ணு?" என்பேன். "கேக்குது ஆன்ட்டி" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு குரல், கலிஃபோர்னியாவிலிருந்து தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல். விழுந்த பல்லைக் காட்டுவார்கள், பூனைக்குட்டியைத் தூக்கிக் காட்டுவார்கள். அவள் மேலிருந்து இறங்கி வருவதற்குள் அந்த வாரத்து ஊர்க்கதை முழுக்க எனக்கு வந்துவிடும். எனக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கால்மணி நேரத்துக்காக நான் விடிவதற்கு முன்பே எழுந்து தலை வாரிக்கொள்வேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமும் இல்லை.

போன வருஷம் ஆடிக்குப் பிறகு அவள் புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என் வீட்டில் இருந்த லேப்டாப்பை எடுத்துக்கொண்டு தில்லை நகருக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே அவள் அக்கா வீடு. "அக்காவுக்குப் பழைய போட்டோவெல்லாம் பெரிய டிவில பாக்கணுமாம்டி" என்றாள். வாரத்தில் இரண்டு நாள் பார்த்தும் தீராத போட்டோ என்ன போட்டோ என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மாறாக, சார்ஜரையும் எச்டிஎம்ஐ வயரையும் சுருட்டித் துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். போன முதல் நாளே அங்கிருந்து போன் வந்தது.

"அக்கா வீட்டு வைஃபைல எப்படிடி சேர்றது?"

"பாஸ்வேர்டு போடு. அதுக்குக் கீழயே தானா சேர்ந்துக்கன்னு ஒரு கட்டம் இருக்கும் பாரு, அதுல டிக் பண்ணிடு. அடுத்த தடவை கேக்காது."

டிவியில் படம் வர வழி சொன்னேன், ஸ்பீக்கரைச் சேர்க்கச் சொல்லிக்கொடுத்தேன். தம்புரா சத்தம் சரியாகப் போக என்ன செய்ய வேண்டும் என்றுகூட ஒரு நாள் கேட்டாள். "அக்காவுக்குப் பாடிக் காட்டறேன்" என்றாள். அதற்கும் வழி சொன்னேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருக்க, ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் போனுமாக நின்று சொன்னேன்.

மார்கழி நெருங்கியது. விடுமுறைக்கு ஊருக்கு வரும் பிள்ளைகளை மேடையில் பாடவைத்து, வர முடியாதவர்களைத் திரையில் காட்டி ஓர் ஆண்டுவிழா நடத்தலாம் என்று எனக்கு ஆசை. சின்ன ஹாலாகத் தேடினேன். தில்லை நகரில் ஒரு குறுக்குத் தெருவில் புதிதாக இசை மையம் ஒன்று திறந்திருப்பதாகவும், ஏசி அறை, பெரிய டிவி, நல்ல ஸ்பீக்கர் எல்லாம் வாடகைக்கு உண்டு என்றும் கேள்விப்பட்டு அவளிடம் சொன்னேன்.

"தில்லை நகர் வேணாம்டி, வண்டி நிறுத்தவே எடம் கெடையாது. பாலக்கரைப் பக்கம் பாரு" என்றாள். பாலக்கரையில் என்னவோ வண்டி நிறுத்த இடம் கொட்டிக் கிடக்கிற மாதிரி. அதுவும் எனக்கு அப்போது உறைக்கவில்லை. நேரில் பார்த்து, நன்றாக இருந்தால் அவளிடம் சொல்லிச் சம்மதிக்க வைத்துவிடலாம் என்று ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினேன். எந்த ஹாலையும் வாய்வார்த்தையில் நம்புகிறவள் இல்லை நான். மாட்டிப் பார்த்துவிட்டுத்தான் முன்பணம். லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ் ஏறி, சாஸ்திரி ரோட்டில் இறங்கி நடந்தேன்.

வரவேற்பில் இருந்த பெண் நல்ல மாதிரி. அறையைத் திறந்துவிட்டு, "வைஃபை பாஸ்வேர்டு எழுதிக் கொண்டாரேங்க" என்று போனாள். நான் லேப்டாப்பைத் திறந்தேன். அது இணைந்துவிட்டது. அக்கம்பக்கத்தில் பூட்டில்லாத வைஃபை ஏதாவது இருக்கும் என்று நினைத்துப் பெயரைப் பார்த்தேன். வாசல் பலகையில் எழுதியிருந்த அதே பெயர். சரி, ஏதோ குழப்பம் என்று டிவியில் வயரைச் செருகினேன். முதன்முதலாகப் பார்க்கும் டிவி என்றால், ஒரே படம் போதுமா, இரண்டு திரையாகப் பிரிக்கட்டுமா என்று அந்த லேப்டாப் தடுமாறும். அன்றைக்குத் தடுமாறவில்லை. என் வீட்டில் நான் பிரித்து வைத்திருந்தபடியே பிரிந்து நின்றது. அலமாரியில் இருந்த ஸ்பீக்கரின் பொத்தானை அழுத்தினேன். அதுவும் தானாகவே லேப்டாப்போடு சேர்ந்து, "கனெக்டட்" என்று உற்சாகமாக அறிவித்தது.

அக்கா வீட்டு வைஃபை, அக்கா வீட்டு டிவி, அக்கா வீட்டு ஸ்பீக்கர் எல்லாம் இவைதான். இந்த அறையில் நான் கால் வைப்பது அன்றுதான் முதல் தடவை. ஆனால் இதை ஜோடித்ததே நான்தான், ஸ்ரீரங்கத்துச் சமையலறையில் நின்றபடி.

அந்தப் பெண் சீட்டோடு வந்தாள். "ஓ, கனெக்ட் ஆயிடுச்சா?" என்றவள் மூடியில் ஒட்டியிருந்த சங்கு சக்கர ஸ்டிக்கரைப் பார்த்துச் சிரித்தாள். "இது பாட்டு மேடத்தோட லேப்டாப்தானே! அவங்க புதனும் ஞாயிறும்தானே வருவாங்க. இன்னிக்கு உங்களை அனுப்பினாங்களா?"

நான் வயரைக் கையில் பிடித்தபடி, "கிளாஸ் எப்படிப் போகுதுங்க?" என்றேன்.

"நல்லாப் போகுதுங்க. இந்த பேட்ச்சே பத்துப் பேருக்கு மேல சேர்ந்துட்டாங்க. அடுத்த மாசம் பழைய பிள்ளைங்களும் இங்க வந்துடறாங்கல்ல? ஸ்ரீரங்கத்துல யாரோ ஒருத்தங்க வீட்லேர்ந்து நடத்திட்டிருந்தாங்களாம். அங்க சவுண்டு சரியில்லன்னு பேரன்ட்ஸே கம்ப்ளெயின்ட்டாம்."

அந்த யாரோ ஒருத்தர் வீடு என் வீடு. சவுண்டு சரியில்லை என்று எந்தத் தாயும் தகப்பனும் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மற்ற எதையாவது குறை சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். என் இடம் சின்னது, சோபா கிழிந்தது, வீட்டுக்காரர் குறுக்கே நடக்கிறார், எல்லாம் உண்மை. சத்தத்தைப் பற்றிச் சொல்லிவிட்டாளே என்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வாடகை விசாரிக்காமல் வயரைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன். பஸ்ஸில் காவிரிப் பாலம் வரும்வரை அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. பாலத்தில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நின்றபோது இரண்டும் சேர்ந்து வந்தன.

அன்றைக்கே மேலே போய்க் கேட்டேன். அவள் கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"தில்லை நகர்லேர்ந்து வரேன். அக்கா வீட்டு ஏசி நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

கையில் இருந்த துண்டை அவள் பிழிந்துகொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பிழிந்த துண்டு. "யாருடி சொன்னா?" என்றாள்.

"யாரும் சொல்லல. லேப்டாப்பைத் தெறந்தேன், பாஸ்வேர்டு கேக்கல."

துண்டைக் கொடியில் போட்டாள். பிறகு, "சொன்னா நீ வருத்தப்படுவேன்னுதான் சொல்லல" என்றாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சோறு சூடாக இருக்கிறதே என்று எனக்காகக் கவலைப்பட்டாளாம்.

"சவுண்டு சரியில்லன்னு சொன்னியாமே?"

"வேற என்னத்தைச் சொல்றது? மாத்தறதுக்கு ஒரு காரணம் வேணுமில்ல? புரிஞ்சுக்கடி. அங்க பேர் வருது, நாலு பேர் பாக்கறாங்க. நீ பாட்டா சொல்லித்தர? வயர் மாட்டறதுக்கு அங்கயே ஆபரேட்டர் இருக்கான்."

கூடவே இருந்து குழி பறித்தாள் என்று பிறர் சொல்லக் கேட்டால் மிகைப்படுத்துகிறார்கள் என்று நினைப்பேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. நான் கீழே வந்து லேப்டாப், சார்ஜர், வயர், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் அதே துணிப்பையில் வைத்து அவள் வீட்டு வாசலில் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகளிடம் நானே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விடைபெறுகிறேன் என்று மட்டும் கேட்டேன். "பாக்கலாம்" என்றாள். பார்க்கவில்லை. அடுத்த வகுப்புக்கான இணைப்பு எனக்கு வரவே இல்லை.

புது மாதம் பிறந்தது. முதல் சனிக்கிழமை காலையில் பழக்கதோஷத்தில் எழுந்து, தலை வாரிக்கொண்டு, அணைந்து கிடந்த டிவிக்கு எதிரே காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அவள்தான்.

"கோச்சுக்காதடி. ஆபரேட்டர் இன்னும் வரல. பழைய பிள்ளைங்க எல்லாரும் ஆன்லைன்ல வந்து உக்காந்திருக்காங்க, நான் பேசறது யாருக்கும் கேக்கலயாம். இன்னிக்கு முதல் நாள், மானம் போயிடும். சொல்லு, என்ன பண்ணணும்?"

போனை வைத்துவிட்டிருக்கலாம். பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றாளே, அதனால் வைக்கவில்லை. "போனை ஸ்பீக்கர்ல போட்டு லேப்டாப் பக்கத்துல வை" என்றேன். "மைக் படத்துக்குப் பக்கத்துல சின்ன அம்புக்குறி இருக்கும், அதை அழுத்து. என்னென்ன பேர் வருது, படி." படித்தாள். லேப்டாப்பின் சொந்த மைக்கை விட்டுவிட்டு வேறெதையோ அது பிடித்துக்கொண்டிருந்தது. மாற்றச் சொன்னேன். உடனே அங்கே பல குரல்கள் ஒன்றாக எழுந்தன.

"கேக்குது மிஸ்! இப்ப கேக்குது!"

அந்தக் குரல்களைக் கேட்டு ஒரு மாதம் ஆகியிருந்தது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். போனை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை, எனக்கும் மனம் வரவில்லை. அப்போது சிங்கப்பூர்ப் பிள்ளை கேட்டான். "மிஸ், அந்த ஆன்ட்டி எங்க?"

"ஆன்ட்டி இனிமே வரமாட்டாங்கப்பா. அவங்களுக்கு அலுத்துப்போச்சு. போதும்னு அவங்களே சொல்லிட்டாங்க" என்றாள். ஒரு தயக்கம்கூட இல்லை அந்தக் குரலில்.

என் குரல் அவள் போன் வழியாக அந்த மைக்குக்குள் போகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் பேசினேன்.

"கண்ணுங்களா, ஆன்ட்டி பேசறேன். நான் போதும்னு சொல்லலடா. என்னை யாரும் கேக்கவே இல்ல. எனக்கு உங்க எல்லாரையும் ரொம்பத் தேடுது."

"ஆன்ட்டி!" என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு குழந்தை, "ஆன்ட்டி, எனக்குப் பல்லு மொளைச்சிடுச்சு" என்று ஆரம்பித்தது. லைன் கட்டாகிவிட்டது.

வகுப்பு முடிந்திருக்கும் நேரத்தில் அவளிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. என் வீட்டுக்காரருக்கும் படித்துக் காட்டினேன், என் கண்ணில் தப்பு இருக்கிறதோ என்று. அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதையேதான் படித்தார்.

"குழந்தைங்க முன்னாடி என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டல்ல? உன்னை நம்பித்தானேடி போன் பண்ணேன்."