பின்னால் பேச்சு நின்றபோது

நான்கு வருடங்களுக்கு முன், அக்னி நட்சத்திரத்து உச்சிவேளை. எழுமலையில் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குத் திருநகரிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். "வெயில் தாழப் போவமே," என்றாள் மனைவி. "வண்டி ஓடுனா காத்து வரும், ஏறு," என்றேன்.

காற்று வந்தது, செங்கல் சூளையிலிருந்து வருவதுபோல. பட்டுப்புடவையில் ஒருக்களித்து உட்கார்ந்திருந்தவள் செக்கானூரணிவரை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். பிறகு பேச்சில்லை. கோபம் என்று நினைத்து நானும் பேசவில்லை.

உசிலம்பட்டி தாண்டியதும் இன்ஜின் சூடேறி, இழுவை குறைந்து, நின்றேபோனது. வண்டியைத் திட்டிக்கொண்டே, "இறங்கு," என்றேன். அவள் அப்படியே என் முதுகில் சரிந்தாள். உடம்பு அனலாய்க் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. வண்டி ஓடும்போதே சரிந்திருந்தால்?

தூக்கிக்கொண்டு பக்கத்துப் பம்புசெட்டுக்கு ஓடினேன். தண்ணீரை ஊற்றி ஊற்றி, வெகுநேரம் கழித்துத்தான் கண் திறந்தாள். "எழுமலை வந்துருச்சா?" என்றாள்.

இப்போதெல்லாம் வெயில் தாழ்ந்தபிறகுதான் கிளம்புகிறோம். அப்போதும் மைலுக்கு ஒருமுறை, "இருக்கியா?" என்று கேட்பேன். தனியாகப் போகும்போதும் சில சமயம் வாய் கேட்டுவிடுகிறது. பதில் வராத அந்த நொடியில் கால் தானாகப் பிரேக்கை மிதிக்கிறது.