பேர் வெட்டிய அண்டா

எண்பத்தேழு, எண்பத்தெட்டு வாக்கில் தியாகதுருகம் பக்கத்தில் எங்கள் ஊரில் நடந்தது இது. இட ஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்து, ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் மரத்தை அகற்றி பஸ் ஓட ஆரம்பித்த பிறகும், எங்கள் தெருவுக்கும் கிழக்குத் தெருவுக்கும் நடுவில் கிடந்த புளியமரத்தை மட்டும் யாரும் தொடவில்லை. மறியலில் மூண்ட தகராறில் இரண்டு தெருவுக்கும் பேச்சே நின்றிருந்தது.

அப்பா தவறிய பிறகு வீட்டை விற்பதாக முடிவானது. பழைய சாமான்களுக்கு மதிப்புப் போட அண்ணன் சென்னையிலிருந்து ஓர் ஏலக்காரரை வரவழைத்தார். திருக்கோவிலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த நானும் போயிருந்தேன்.

வந்த மனிதர் ஒவ்வொன்றாகத் தட்டினார், திருப்பினார். தேக்குப் பெட்டி, சுவர்க் கடிகாரம், குத்துவிளக்கு, எதற்கும் உதட்டைத்தான் பிதுக்கினார். பெரிய பித்தளை அண்டாவைக் கண்டதும்தான் முகம் மலர்ந்தது. "கையால அடிச்ச வேலை சார், இதுக்குத்தான் இப்ப ஆள் இருக்கு" என்றார்.

அது எங்கள் அண்டாவே இல்லை. மறியலுக்கு முன்பு, அப்பா காரியத்துக்குச் சமைக்க, கிழக்குத் தெரு டீச்சரம்மாவிடம் இரவல் வாங்கியது. எங்கள் பக்கம் கல்யாணம், காரியம் என்றால் பெரிய பாத்திரங்கள் வீடு வீடாகப் போகும். ஒழுங்காகத் திரும்பி வர வேண்டுமே என்றுதான் கழுத்தில் பேர் வெட்டி வைப்பார்கள். அந்த அண்டாவில் டீச்சரம்மாவின் அம்மா பேரும், பக்கத்தில் சின்னதாக ஒரு சிலுவையும் இருந்தன. அந்த அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்த பாத்திரம் அது.

ஏலக்காரரும் பார்த்துவிட்டார். "வேற பேரா இருக்கே சார், ஏலத்துல கேள்வி வருமே?" என்றார். அண்ணன் கொஞ்சமும் கூசாமல், "ராவிடுங்க" என்றார். அந்த ஆள் பையிலிருந்து அரத்தை எடுத்து சிலுவையின் மேல் தேய்க்கவே ஆரம்பித்துவிட்டார்.

நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

"கேட்டுக்கினு எவன் இந்தத் தெருவுக்கு வரப் போறான்? நீ உன் வேலையப் பாரு" என்றார் அண்ணன்.

"உன் வூட்ல சோறு ஆக்கறதுக்குக் குடுத்தாங்க. அதுக்கு இதுதான் மரியாதையா? வெக்கமா இல்ல உனக்கு?" என்று கத்தினேன். தூக்க முடியாத அந்த அண்டாவைச் சாய்த்து, தெருவில் உருட்டிக்கொண்டே போனேன். அது போட்ட சத்தத்தில் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. புளியமரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் காலைக் கூட நகர்த்தவில்லை. கரும்பு வயலில் இறங்கிச் சுற்றிப் போனேன். கரும்பின் சோகை இலை கையைக் கிழித்தது, புடவையெல்லாம் சேறு. அத்தனை பேரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன்.

டீச்சரம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. குனிந்து அண்டாவின் கழுத்தைத் தடவினார். பேர் தப்பித்திருந்தது. சிலுவை பாதிதான் இருந்தது.

"ரெண்டு வாட்டி ஆள் அனுப்பினேங்க. எந்த அண்டான்னு கேட்டாராம் உங்க அண்ணன்" என்றார்.

அவரே அண்டாவை உள்ளே உருட்டிக்கொண்டு போனார். உட்காருங்கள் என்று சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார். இவ்வளவு பாடுபட்டுக் கொண்டு வந்தவளுக்கு ஒரு நல்ல வார்த்தை கிடையாதா என்று அவர் மேலும் எரிச்சல் பட்டுக்கொண்டே திரும்பினேன். பாதி வழியில்தான் உறைத்தது.

அண்ணன் மேல் அன்று வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அடுத்தவர் பொருளைப் பாதி ராவிய பிறகு திருப்பிக் கொடுத்துவிட்டு, அதற்கு நன்றியும் எதிர்பார்த்து அந்த வாசலில் நின்றேனே, அதற்காக என் மேல் உள்ள கோபம் அதைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி.