புண்ணாக்கைத் தின்ன வந்த இறால்கள்

திருவாடானைப் பக்கம் மானாவாரி நெல் விதைக்கும் குடும்பம் எங்களுடையது. வீட்டில் மீன் சமைப்பதே கிடையாது. உயிர்வேதியியல் படித்த நான், ராமநாதபுரத்தில் இறால் தீவனத்தை ஆராயும் ஒரு சின்ன ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, இறாலை உயிரோடு பார்த்ததுகூட இல்லை.

பண்ணை இறாலுக்குப் போடும் தீவனத்தில் மீன்தூள்தான் முக்கியம். கடலில் பிடித்த பொடிமீனை அரைத்து இறாலுக்குக் கொட்டுவதற்குப் பதிலாக, எண்ணெய் ஆட்டியபின் மிஞ்சும் புண்ணாக்கைக் கொடுக்க முடியுமா என்று பார்ப்பதே எங்கள் வேலை. கடலை, எள் எல்லாம் பார்த்து முடித்து, ரேப்சீடுக்கு வந்திருந்தோம். கடுகுக்கு ஒன்றுவிட்ட உறவு போன்ற செடி அது. புண்ணாக்கு வடக்கேயிருந்து மூட்டையில் வந்தது. அதில் புரதம் ஏராளம்.

என்னோடு வேலை பார்த்தவள் தங்கச்சிமடத்துப் பெண். அவளுடைய அப்பாவும் அண்ணனும் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர்கள். முதல்முறை அந்தப் புண்ணாக்கில் செய்த தீவனத்தைக் கண்ணாடித் தொட்டியில் போட்டபோது, இறால்கள் ஊர்ந்து வந்து, முன்கால்களால் எடுத்துப் புரட்டிவிட்டு, கீழே போட்டுவிட்டுப் போயின.

"பாத்தியளாக்கா, எங்கண்ணன் கொழம்பு பிடிக்கலைன்னா தட்டத் தள்ளிட்டு எந்திரிச்சுப் போவான்ல, அதே மாரிப் போகுது" என்றாள்.

சிரித்தோம். ஆனால் தீவனம் ஊறிக் கரைந்து தண்ணீர் கலங்கியபோது சிரிப்பு வரவில்லை. குறை எங்கே என்று யோசித்தோம். விதை தன் முளைக்காகச் சேர்த்துவைத்த புரதம் அது. நூல்கண்டைப்போல் இறுகச் சுருண்டது. அவ்வளவு பெரிய கண்டிலிருந்து தண்ணீரில் ருசியோ மணமோ பரவாது. அதைச் சிறுசிறு துண்டாக வெட்டினால் இறாலுக்குத் தெரியக்கூடும். வெட்டுவதற்கு நொதி வேண்டும்.

ஒரு முற்பகலில் புண்ணாக்கு மாவை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, லேசாகக் காரத்தன்மை ஏற்றி, நுண்ணுயிரியிலிருந்து எடுத்த நொதியைக் கொஞ்சம் ஊற்றினேன். அவள் பி.எச். மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இங்கன பாருங்க. எறங்குது!"

காரக் கரைசலை ஒரு சொட்டு விட்டேன். எண் ஏறியது. உடனே மறுபடி இறங்கியது. இன்னொரு சொட்டு. மறுபடி இறக்கம். இதைப் பாடத்தில் படித்திருக்கிறேன். புரதச் சங்கிலியில் ஒரு கண்ணி அறும்போது ஒரு நீர் மூலக்கூறு அங்கே போய் ஒட்டிக்கொள்கிறது. கூடவே கரைசலில் அமிலம் கொஞ்சம் கூடுகிறது. நான் விடும் சொட்டெல்லாம் அந்த அமிலத்துக்கு ஈடு. அப்படியென்றால் ஒவ்வொரு சொட்டுக்கும் பின்னால் எண்ணவே முடியாத வெட்டுகள். வெறும் தண்ணீரில் விட்டுவைத்தால் ஒரு கண்ணி தானாக அறுபட நூற்றாண்டுகள் ஆகுமாம். எங்கள் குடுவைக்குள் அது சத்தமே இல்லாமல், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நடந்தது. கூழ்போலக் கிடந்தது இளகி ஓடியது. நான் குடுவையைவிட்டு ஓரடி பின்னால் நகர்ந்தேன்.

"பயமாருக்காக்கா?"

"பயமில்ல. என்னமோ மாதிரி இருக்கு."

மதியம் டப்பாவைத் திறந்து பருப்புச் சோற்றைப் பிசைந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறந்த நாள் முதல் இதே வெட்டு என் வயிற்றுக்குள்ளும் நடக்கிறது. நான் சொட்டுச் சொட்டாக விட்ட காரத்தைக் கணையம் தானாகவே சுரந்து ஊற்றுகிறது. இத்தனை ஆண்டுகள் பாடமாக ஒப்பித்திருக்கிறேன், உணர்ந்தது அன்றுதான்.

கரைசலைச் சுடவைத்து நொதியை அடக்கி, உலர்த்திப் புதுத் தீவனம் செய்தோம். தொட்டியில் ஒரு சிட்டிகைதான் போட்டேன். தூரத்து மூலையில் கிடந்த இறால்களின் மீசைகள் முதலில் அசைந்தன. பிறகு அத்தனையும் ஒரே பக்கமாகத் திரும்பி வந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறின. தங்கச்சிமடத்துக்காரி "மாதாவே!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியபட்டினத்தில் பண்ணை வைத்திருந்த பாய் ஒருவர், பரிசோதனைக்கு ஒரு சின்னக் குளத்தை ஒதுக்கித் தந்தார். மனமில்லாமல்தான் தந்தார்.

"மாட்டுத் தீனியப் போட்டு எம் இறாலக் கெடுத்துறாதியம்மா" என்றார்.

தின்கிறதா என்று பார்க்கக் குளத்தில் இறக்கியிருந்த தட்டை அவரே தூக்கினார். தட்டு வெறுமையாக இருந்தது.

"மாஷா அல்லா! தொடச்சு வச்சிருக்குதே!"

அறுவடையில் எங்கள் இறால், மீன்தூள் தின்ற இறாலைவிடக் கொஞ்சம் சிறுத்தே இருந்தது. அதை மறைக்கவில்லை. அடுத்த வளர்ப்பில் மீன்தூளோடு பாதிக்குப் பாதி கலந்தோம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவில்லை. அதே கலவையில் தொடரலாம் என்று பாயே சொன்னார்.

அந்த வளர்ப்புக்கு வலை இழுத்த அன்று தங்கச்சிமடத்துக்காரி ஓர் இறாலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். கண்ணாடி உடம்பு. தலையோட்டுக்குள் இதயம் துடிப்பது தெரிந்தது. முதுகு நெடுகக் குடல் கருங்கோடாக நிறைந்திருந்தது. எந்த ஊர் வயலிலோ முளைக்கக் காத்திருந்த விதை, இந்த உப்புக்கரையில் வாலடித்துத் துள்ளுகிறது.

"புடிங்கக்கா, குதிச்சிரும்" என்றாள்.

எனக்கு விரலை மடக்கத் தோன்றவில்லை.