சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்துப் பார்த்தவர்

ஞாயிறு காலை திண்டிவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நில அளவையர் ஆரோக்கியராஜ் அவர்கள் மாரடைப்பில் காலமாகிவிட்டார். விழுப்புரம் அலுவலகத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் என் பக்கத்து மேசைக்காரர். எங்களில் யார் பழைய கார் வாங்கப் போனாலும் முதலில் அவரைத்தான் கூப்பிடுவோம். இத்தனைக்கும் அவர் கடைசி வரை ஓட்டியது ஸ்கூட்டர்தான்!

கார் பார்க்கப் போகிறோம் என்றால் போதும், மனிதருக்குக் கால் தரையில் பாவாது. விற்பவர் முன்கூட்டியே வண்டியைக் கிளப்பி வைத்திருந்தால் மட்டும் கோபம் வந்துவிடும். "சூடான இஞ்சின் நல்லாத்தான் பேசும். காலையில ஆறிப்போன வண்டியக் காட்டுங்க" என்பார். கதவு இடுக்குகளை விரலாலேயே அளப்பார். தொழில் புத்தி!

2016இல் என் மனைவி செல்விக்கு இடுப்பில் அறுவை சிகிச்சை நடந்தது. தாழ்வான காரில் குனிந்து ஏற முடியாது. மாதம் இருமுறை புதுச்சேரி மருத்துவமனைக்குப் போயாக வேண்டும். அப்போதுதான் உயரமான சின்ன எஸ்யூவி ஒன்று விலைக்கு வந்தது. தோல் இருக்கை, சன்ரூஃப், அப்படியொரு பளபளப்பு! மயங்கிவிட்டோம். நல்ல நேரம் பார்த்து, மாலை போட்டு, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பணம் கொடுப்பது மட்டும்தான் பாக்கி என்ற நேரத்தில்தான் எனக்கு அவர் நினைவே வந்தது.

போன் செய்ததும் ஓடி வந்தவர், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் காய்ந்த சேற்றுக் கறை!

"வெள்ளத்துல முழுகின வண்டி சார் இது. ஒயரெல்லாம் உள்ளுக்குள்ள துருப் புடிச்சிக்கினு இருக்கும். உடம்பு முடியாத அம்மாவ வச்சிக்கினு நடுரோட்டுல நிப்பீங்களா?"

"மாலை போட்டாச்சேண்ணே, கழட்டக் கூடாதே" என்று செல்வி கண்கலங்கினாள்.

"கழட்ட வேணாம்மா. மாலை வண்டியிலயே இருக்கட்டும். நீங்க மட்டும் வாங்க."

செல்விக்கு அவர்மேல் பயங்கரக் கோபம். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மூன்று வாரம் எங்களோடு அலைந்தார். திண்டிவனத்தில் ஒரு டாக்டரின் எஸ்யூவி கிடைத்தது. சர்வீஸ் ரசீதுகளை ஒன்றுவிடாமல் படித்து முடித்து, "ஜல்தி முடிங்க சார்!" என்று துள்ளினார். வண்டி வாங்கிய எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம் அதிகம்.

நேற்று அந்த வண்டியில்தான் அவரை வழியனுப்பப் போனோம். செல்வி யார் கையையும் பிடிக்காமல் இறங்கினாள். நான் கும்பிட்டு நின்றேன். அவள் பெட்டியின் அருகே குனிந்து, அவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோலவே சொன்னாள்:

"இன்னிக்கி வரைக்கும் ஒரு தடவகூட வழியில நிக்கலண்ணே."