முதல் வீடும் கடைசி வீடும்

செவ்வாய்க்கிழமை காலை எட்டரைக்கு என் வாசலில் வேன் ஹாரன் கேட்கும். ஏதோ கப்பல் கிளம்புகிறது என்று துறைமுகமே நம்பிவிடும்படியான ஹாரன். சென்ற மாதம் ஒரு செவ்வாய் அது கேட்கவில்லை. ஒன்பது மணிக்குப் போன்தான் வந்தது. விடியற்காலையில் மாரடைப்பில் தொம்மை அண்ணாச்சி காலமாகிவிட்டார்கள். சலவைச் சட்டை போட்டு, பவுடர் பூசி உட்கார்ந்திருந்தவன், மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

அண்ணாச்சியை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். துறைமுகத்தில் முப்பது ஆண்டுகள் கன்டெய்னர் லாரி ஓட்டியவர்கள். ஓய்வுபெற்றதும் பழைய மீன் வேன் ஒன்றை வாங்கி, இருக்கை போட்டார்கள். தனியாகக் கிடக்கும் என்னைப் போன்ற கிழடுகளை வாரம் ஒருநாள் அள்ளிக்கொண்டு போய், மாதா கோயில் ஹாலில் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட வைத்து, திரும்ப வீட்டில் இறக்கிவிடுவார்கள். எத்தனை கழுவியும் மீன் வாடை போகவில்லை. தூத்துக்குடிப் பூனைகள் அத்தனையும் எங்கள் பின்னால் ஊர்வலம் வந்தன என்று நான் சொன்னால் நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும்.

என் மனைவி இறந்த வருடம் முதன்முதலாக வந்தார்கள். நான் கதவைத் திறக்கவில்லை. அவர்கள் ஹாரனை விடவில்லை. தெருவே கூடி என்னைத் திட்டிய பிறகு திறந்தேன்.

"சாப்பாடு வேண்டாம்னா விடும் வே. வண்டியில ஏறும், ஊரைப் பாத்துட்டு வருவோம்" என்றார்கள்.

அதன்பின் ஒரு விசித்திரம். அந்த ஹால் என் வீட்டிலிருந்து பத்தாவது கட்டடம். ஆனாலும் முதலில் ஏற்றுவது என்னைத்தான். திரேஸ்புரம், முத்தையாபுரம் என்று சுற்றிப் பதினோரு பேரை ஏற்றிக்கொண்டு ஹாலுக்கு வருவோம். திரும்பும்போது எல்லாரையும் இறக்கிவிட்டு, கடைசியில் நான். பத்துக் கட்டடம் தாண்டுவதற்கு உலகில் எந்த மாலுமியும் அவ்வளவு தூரம் பயணம் செய்ததில்லை.

"அண்ணாச்சி, நான் நடந்தே போயிருவனே" என்றேன் ஒருமுறை.

"முன் சீட்டுல வெயிட்டா ஒரு ஆள் வேணும் வே. இல்லன்னா வண்டி மூக்கத் தூக்கும்."

நம்பினேன். என் தகுதிக்குத்தான் இந்த முதல் மரியாதை என்று பெருமையும் அடித்தேன். பின்சீட்டு ரஞ்சிதம் டீச்சர் ஏறும்போதெல்லாம், "ராசா உக்காந்துட்டாரா? அப்ப வண்டி போலாம்" என்பார்கள்.

அடக்கம் முடிந்த பிறகு அண்ணாச்சியின் மனைவி செல்வராணி மைனியிடமும் இந்தக் கதையைச் சொன்னேன், சிரிக்கட்டும் என்று. மைனி சிரிக்கவில்லை.

"எந்த வீட்டுல பேச்சுச் சத்தமே இல்லையோ, அவங்கள முதல்ல ஏத்தணும், கடைசியில எறக்கணும்பாவ. உங்க வீட்டம்மா போன சமயம், உங்க வாசல்ல நாலு நாளா பால் பாக்கெட்டு எடுக்காம கெடந்துச்சாம். கோயிலுக்குப் போறப்பப் பாத்துட்டு வந்தாவ. அன்னைக்கு அவியளுக்குச் சோறு எறங்கல."



அதன்பின் நான்கு செவ்வாய் வேன் ஓடவில்லை. அந்த நான்கு செவ்வாயும் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அண்ணாச்சியோடு லாரி ஓட்டிய அந்தோணி சாவியை வாங்கிக்கொண்டான். என்னிடம் வந்து, "வழக்கம்போல உங்களத்தான மொதல்ல ஏத்தணும்?" என்று கேட்டான்.

"இல்லலே. மைனி வீட்டுக்குப் போ. நான் ரெண்டாவதா ஏறிக்கிடுதேன்."

"அவங்க வரமாட்டேன்னு சொன்னா?"

"ஹாரன அமுக்கிக்கிட்டே இரு."

இன்று ஒன்பதேகாலுக்கு வேன் வந்தது. முன் சீட்டில் மைனி, அழுத கண்ணோடு. நான் பின்னால் ஏறிக்கொண்டேன். மைனி முப்பத்தெட்டுக் கிலோகூடத் தேறமாட்டார்கள்.

வண்டி மூக்கைத் தூக்கவில்லை, அண்ணாச்சி. மாலையில் மைனியைக் கடைசியாகத்தான் இறக்கினோம். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.